அன்பு மட்டும் போதுமா?
(செவிலியரின் தொழில் நெறி பற்றி ஒரு கட்டுரை)

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

முன்னுரை

நம் பள்ளியில் கன்னியரை ‘சிஸ்டர்’ என்று அழைக்கிறோம். மருத்துவமனைக்குச் சென்றால், மருந்துத் தட்டைக் கையில் ஏந்தி வரும் செவிலியரையும் ‘சிஸ்டர்’ என்றே அழைக்கிறோம். இருவருக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக நோயாளிகளைப் பேணி வந்தவர்களுள் துறவற சபைச் சகோதரியர் முக்கியமானவர்கள். பின்னாளில் இங்கிலாந்து மருத்துவமனைகளில் ஒரு வார்டின் பொறுப்பை ஏற்றிருக்கும் செவிலியரையும் அப்பெயரால் அழைத்தனர். அங்கிருந்து அது நம் நாட்டிற்கும் வந்து சேர்ந்தது.

பெயர் ஒன்றாக இருப்பதாலோ என்னவோ, செவிலியர் பணியைத் ‘தொண்டு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். இரக்க மனமும் இனிய முகமும் இருந்தால் எவரும் செவிலியர் ஆகிவிடலாம் என்று எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு என் பாட்டி மருத்துவமனையில் இருந்த பதினொரு நாட்கள் என் எண்ணத்தை மாற்றின. அங்கே நான் கண்டதையும், அதன் பிறகு படித்தும் கேட்டும் அறிந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பாட்டியின் கட்டிலருகே

பாட்டிக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. காலில் வந்த புண் ஆறாததால் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள நகரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பள்ளி விட்டதும் நான் அங்கே சென்று, அம்மாவும் அப்பாவும் வரும்வரை பாட்டியின் அருகில் அமர்ந்து வீட்டுப் பாடம் எழுதுவேன்.

மருந்து கொடுக்க வரும் ஒவ்வொரு முறையும் அந்தச் செவிலியர் அக்கா, “பாட்டி, உங்க பேர் என்ன?” என்று கேட்பார். பாட்டிக்கு எரிச்சல் வரும். “நாலு நாளா என்னைப் பாக்குறே, இன்னுமா என் பேர் தெரியல?” என்பார். “தெரியும் பாட்டி. தெரிஞ்சாலும் கேக்கணும்” என்று அக்கா சிரிப்பார். இது வேண்டாத வேலை என்று எனக்குத் தோன்றியது.

ஏழாம் நாள் மாலை ஆறரை மணிக்கு அக்கா அவசரமாக வந்தார். பெயரைக் கேட்டார், அட்டையைப் பார்த்தார், இன்சுலின் ஊசி போட்டார். வார்டின் மறுகோடியிலிருந்து யாரோ கூப்பிட, உடனே ஓடினார். வழக்கமாக ஏழு மணிக்குள் வரும் சாப்பாட்டு வண்டி அன்று ஏழேகால் ஆகியும் வரவில்லை. பாட்டிக்கு வியர்த்துக் கொட்டியது. “கை நடுங்குதுடி” என்றார். புழுக்கம் என்று நினைத்து நான் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கமாகச் சென்ற அக்கா பாட்டியைப் பார்த்ததும் நின்றார். நெற்றியைத் தொட்டார். விரலில் குத்தி இரத்தச் சர்க்கரையைப் பார்த்தார். 54 என்று காட்டியது. உடனே குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தார். மருத்துவருக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதித்தார். சர்க்கரை ஏறிய பிறகு பாட்டிக்குப் பிஸ்கட் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போனார். இன்சுலின் போட்ட பிறகு உணவு தாமதமானால் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துவிடும் என்பதும், கவனிக்காமல் விட்டால் நினைவு தப்பி உயிருக்கே ஆபத்தாகும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

எட்டு மணிக்கு அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். யாரும் கூப்பிடாமலேயே அந்த அக்கா எங்களிடம் வந்தார். “சார், சாப்பாடு வந்துடுச்சான்னு பாக்காம ஊசி போட்டுட்டேன். பாட்டிக்குச் சர்க்கரை இறங்கிடுச்சு. இப்போ சரியா இருக்காங்க. தப்பு என்மேலதான். கேஸ் ஷீட்டில எழுதியிருக்கேன். டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்” என்றார். அப்பாவுக்குக் கோபம் வந்து சத்தம் போட்டார். எனக்கும் கோபம்தான். அக்கா தலை குனியாமல், எதிர்த்தும் பேசாமல் நின்று கேட்டுக்கொண்டார்.

அவர் சென்ற பிறகு பாட்டி சொன்னார்: “ஏன்டா அவளைத் திட்டுற? அவ சொல்லாம இருந்திருந்தா உனக்கு எப்படித் தெரியும்? கிழவிக்கு மயக்கம் வந்துச்சுன்னுதானே நினைச்சிருப்பே?” நாங்கள் ஒருவரும் பதில் பேசவில்லை.

எது தொழில் நெறி?

அன்றிரவு வீட்டிற்கு வந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அக்காவிடம் அன்பு இருந்தது. ஆனால் பாட்டியைக் காப்பாற்றியது அன்பு மட்டுமா? அன்பு என்னிடமும் இருந்ததே! நான் விசிறிக்கொண்டுதானே இருந்தேன்! வியர்வையும் நடுக்கமும் எதன் அறிகுறி என்ற அறிவு அவரிடம் இருந்தது. அடுத்து என்ன செய்வது என்ற பயிற்சி இருந்தது. நடந்ததை மறைக்காமல் எழுதும் நேர்மை இருந்தது. இவை மூன்றும் அன்போடு சேரும்போதுதான் நோயாளி நம்பிக் கண்ணை மூட முடிகிறது. இதைத்தான் தொழில் நெறி என்று சொல்கிறேன்.

என் சித்தி வேறொரு மாவட்டத்தில் அரசு மருத்துவமனைச் செவிலியராக இருக்கிறார். பெயர் கேட்பதன் காரணத்தை அவரிடம் கேட்டேன். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும் என்பது செவிலியர் கற்கும் முதற்பாடங்களுள் ஒன்றாம். “நல்லாத் தெரிஞ்ச ஆள்கிட்டதான் அசட்டையா இருப்போம் கண்ணு. அதனாலதான் கேட்டே ஆகணும்” என்றார் சித்தி. நான் வேண்டாத வேலை என்று நினைத்தது எவ்வளவு பெரிய காவல் என்று அப்போதுதான் புரிந்தது.

செவிலியர் பணியின் சிறப்பை நம் வள்ளுவரும் அறிந்திருந்தார். ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து துணைசெய்பவனையும் சேர்த்து மருத்துவத்தை நான்காக வகுத்துள்ளார். நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நிறைவு பெறாது அல்லவா?

ஸ்கூட்டாரி கற்பித்த பாடம்

இந்த நெறி ஒரே நாளில் தோன்றவில்லை. 1854ஆம் ஆண்டு கிரிமியப் போரின்போது, காயமுற்ற ஆங்கிலப் போர்வீரர்களைப் பேணுவதற்காகப் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 பெண்களுடன் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரிக்குப் புறப்பட்டார். அந்த 38 பேரில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அவர்களுள் ஒருவர் இலண்டன் பெர்மண்ட்சி மடத்தின் தலைவி அன்னை கிளேர் மூர். ஸ்கூட்டாரியில் தலைமைப் பொறுப்புக்குத் தம்மைவிட அவரே தகுதி வாய்ந்தவர் என்று பின்னர் நைட்டிங்கேல் அம்மையாரே அவருக்குக் கடிதம் எழுதினார். சமயப் பிரிவு வேறாக இருந்தும் இருவரின் நட்பு இறுதிவரை நீடித்தது.

கையில் விளக்கேந்தி இரவில் நோயாளிகளிடையே நடந்த பெருமாட்டி என்றே நைட்டிங்கேலைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். ஆனால் விளக்கு மட்டும் வீரர்களைக் காப்பாற்றவில்லை. 1855 பிப்ரவரியில் அம்மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 100 பேரில் ஏறத்தாழ 42 பேர் இறந்தனர். மார்ச் மாதத்தில் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு வந்து, கட்டடத்தின் அடியில் அடைபட்டிருந்த சாக்கடைகளைச் சுத்தம் செய்து, நல்ல நீருக்கும் காற்றோட்டத்திற்கும் வழி செய்தது. ஜூன் மாதத்தில் இறப்பு 100க்கு ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது.

நாடு திரும்பிய பிறகு நைட்டிங்கேல் அம்மையார் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். பெரும்பாலான வீரர்களைக் கொன்றவை குண்டுக் காயங்கள் அல்ல, தடுத்திருக்கக்கூடிய நோய்களே என்பதை வரைபடங்களால் அரசுக்குக் காட்டினார். தாம் பொறுப்பில் இருந்த மருத்துவமனையிலேயே இத்தனை பேர் இறந்தனர் என்ற உண்மையை அவர் மூடி மறைக்கவில்லை. 1858ஆம் ஆண்டு இங்கிலாந்தின் புள்ளியியல் கழகத்தில் முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம்மில் பலரை அச்சுறுத்தும் கணக்குப் பாடம் எத்தனை உயிர்களைக் காத்திருக்கிறது பாருங்கள்!

1860ஆம் ஆண்டு இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவருடைய பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. அங்கே ஒவ்வொரு மாணவிக்கும் மாதந்தோறும் ஓர் அறிக்கை எழுதப்பட்டது. நேரந்தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, தூய்மை, வார்டை நிர்வகிக்கும் திறன், ஒழுங்கு ஆகியவற்றுக்கு அதில் தனித்தனியே இடம் இருந்தது. நம் மதிப்பெண் பட்டியலில் ‘நம்பகத்தன்மை’ என்று ஒரு கட்டம் இருந்தால் நமக்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு!

நம் நாட்டில்

நம் தமிழகத்தில் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டு ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். நல்ல மருத்துவர் மட்டும் இருந்தால் போதாது என்பதை உணர்ந்து, 1909ஆம் ஆண்டு அங்கே செவிலியர் பள்ளி தொடங்கப்பட்டது. அதே வேலூரிலும், தலைநகர் தில்லியிலும் 1946ஆம் ஆண்டு செவிலியருக்கான பட்டப்படிப்பு ஆரம்பமாயிற்று.

இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1908ஆம் ஆண்டில் தோன்றியது. பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று மக்கள் அறிய வேண்டும் அல்லவா? அதற்காக 1926ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் செவிலியரையும் பேறுகால உதவியாளரையும் பதிவு செய்யும் சட்டம் வந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியச் செவிலியர் குழுமம் அமைந்தது. அச்சட்டத்திற்கு மாற்றாகத் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்கும் புதிய சட்டத்தை 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. உலகச் செவிலியர் பேரவை 1953ஆம் ஆண்டு நெறிமுறைத் தொகுப்பு ஒன்றை ஏற்றுக்கொண்டு, காலத்திற்கேற்பத் திருத்தி வருகிறது. இவ்வாறு படிப்பு, பதிவு, சங்கம், நெறிமுறை ஆகிய நான்கும் சேர்ந்தே இரக்கச் செயலாக இருந்ததை ஒரு தொழிலாக உயர்த்தின.

நெறியை உருவாக்குபவை எவை?

நல்ல செவிலியர் பிறப்பிலேயே அப்படிப் பிறந்துவிடுகிறாரா? நான் அறிந்தவரை, அவரை உருவாக்குபவை மூன்று.

முதலாவது கல்வி. பி.எஸ்ஸி. நர்சிங் நான்காண்டுப் படிப்பு. உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல், உளவியல் எல்லாம் அதில் உண்டு. ஐரோப்பாவின் 9 நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2014ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஒரு மருத்துவமனையின் செவிலியருள் பட்டம் பெற்றவர்கள் நூற்றுக்குப் பத்து என்ற அளவில் கூடியிருந்தால், அறுவை சிகிச்சை பெற்ற நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைவாக இருந்ததை அந்த ஆய்வு காட்டியது. செவிலியர் படிக்கும் ஒவ்வொரு பாடமும் நோயாளியின் கட்டிலுக்குத்தான் வந்து சேர்கிறது.

இரண்டாவது மூத்தோரின் முன்மாதிரி. பாட்டிக்கு நடந்ததைச் சித்தியிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்ட கேள்வி, “அந்தப் பொண்ணை ஹெட் நர்ஸ் என்ன சொன்னாங்க?” என்பதுதான். மறுநாள் நான் பார்த்ததைச் சொன்னேன். தலைமைச் செவிலியர் அக்காவைத் தனியே அழைத்துப் பேசினார். பிறகு, இன்சுலின் போடுமுன் உணவு வந்துவிட்டதா என்று கேட்க வேண்டும் என எழுதிய தாள் ஒன்று மருந்து வண்டியில் ஒட்டப்பட்டிருந்தது. அன்று முதல் எல்லாச் செவிலியரும் அதைக் கேட்டனர். சித்தி மகிழ்ந்தார். “எல்லார் முன்னாலயும் அவமானப்படுத்தியிருந்தா, அடுத்த தடவை யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. தப்பு நடக்கறது நிக்காது, சொல்றதுதான் நின்னுபோகும்” என்றார். இது மருத்துவமனைக்கு மட்டும் உரிய பாடம் அன்று என்பது என் தாழ்மையான கருத்து. வீட்டிலும் வகுப்பிலும் உண்மையைச் சொன்னவரை நாம் எப்படி நடத்துகிறோமோ, அப்படித்தான் நாளைய செவிலியரும் உருவாவார்.

மூன்றாவது பணிச்சூழல். அன்று மாலை அந்த வார்டில் இருவர் பணியில் இருக்க வேண்டும். ஒருவரை வேறு வார்டுக்கு அனுப்பிவிட்டதால், 34 நோயாளிகளுக்கும் அக்கா ஒருவரே. இதை அவர் தம் தவறுக்குச் சாக்காகச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில் பாட்டியின் மகள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, லிண்டா ஐக்கன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2002ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை பெற்றவர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுவதை அவர்கள் கண்டனர். எத்தனை நல்லவராயினும் ஒருவருக்கு இரண்டு கைகள்தாமே?

‘தியாகம்’ என்ற சொல்

2018ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா நோய் பரவியது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் லினி என்ற செவிலியர், வந்திருப்பது நிபா என்று தெரியுமுன்பே ஒரு நோயாளியைப் பேணி, தாமும் நோயுற்று மே 21ஆம் நாள் உயிர் நீத்தார். இரண்டு சிறு குழந்தைகளின் தாய் அவர். அவரை நினைத்தால் கண் கலங்குகிறது.

ஆனால் கண் கலங்குவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. செவிலியரைத் ‘தேவதை’ என்று புகழ்ந்துவிட்டு, போதிய முகக்கவசமும் கையுறையும் ஓய்வும் ஊதியமும் தராமல் இருப்பது நன்றியாகாது. தொழில் நெறி செவிலியருக்கு மட்டும் உரிய கடமை அன்று. அந்த நெறியோடு அவர் பணியாற்ற வழி செய்வது மருத்துவமனைக்கும் அரசுக்கும் நமக்கும் உரிய கடமையாகும். நோயாளியைப் பார்க்கச் செல்லும் நாமும் பார்வை நேரத்தை மதிக்கலாம். கட்டிலைச் சுற்றிக் கூட்டம் போடாமல் இருக்கலாம். பெயர் கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்லலாம்.

முடிவுரை

இவ்வாண்டுத் தொடக்கத்தில் வகுப்பில் எங்கள் எதிர்கால விருப்பத்தை எழுதச் சொன்னார்கள். ‘செவிலியர்’ என்று நான் எழுதியதைப் பார்த்துத் தோழியர் சிலர், “உனக்குத்தான் அறிவியலில் நல்ல மதிப்பெண் வருகிறதே, ஏன் நர்ஸ்?” என்று கேட்டனர். அப்பாவும் அதையேதான் கேட்கிறார். நல்ல மதிப்பெண் பெறுபவள் செவிலியர் ஆகக் கூடாதா? பாட்டியின் கை நடுங்கிய அந்த மாலையில், பக்கத்தில் இருந்தவருக்கு அறிவியல் தெரிந்திருந்ததால்தான் பாட்டி இன்று எங்களோடு இருக்கிறார்.

இக்கட்டுரையை அனுப்புமுன் அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் சத்தம் போட்டதை எழுதியிருக்கிறேனே என்று எனக்குப் பயம். படித்து முடித்துச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தப் பெண் உண்மையைச் சொன்னாள். அவளிடம் நான் கோபப்பட்டது தவறு. அதையும் எழுது” என்றார். எழுதிவிட்டேன்.

பிளஸ் டூ முடித்த பிறகு என்ன படிக்கலாம் என்பதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. “பார்க்கலாம்” என்கிறார். பாட்டியோ எனக்கு இப்போதே பயிற்சி தொடங்கிவிட்டார். நான் மாத்திரையை எடுத்துக்கொண்டு போனால் வாயைத் திறப்பதில்லை. “முதல்ல என் பேரைக் கேளுடி” என்கிறார்.